பட்ஜெட் பொதுவெளியில்தான் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை

கலிபோர்னியாவில் வீடு வாங்கும் நம்மவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த முகவரி எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் வருகிறது என்று பார்க்கிறார்கள். அதற்காகவே தங்கள் சக்திக்கு மீறிக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் வருடத்துக்கு இரண்டு தவணை, டிசம்பர் 10-க்குள் ஒன்று, ஏப்ரல் 10-க்குள் ஒன்று என்று சொத்து வரி கட்டுகிறோம். அந்த ரசீதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மேலே வீட்டின் வரி மதிப்பில் 1 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் பெயரோடு பாண்டு (மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட கடன்) என்று ஒன்றிரண்டு வரிகள், சில ஊர்களில் நான்கைந்துகூட, இன்னும் கீழே பார்சல் டாக்ஸ் என்று தனியாக ஒரு தொகை இருக்கலாம். இவை மூன்றும் மூன்று விதமான பணம். ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குச் செலவழிக்க முடியாது. பாண்டில் வந்த பணத்தில் கட்டடம் கட்டலாம், கூரை மாற்றலாம், ஆனால் ஓர் ஆசிரியருக்குக்கூடச் சம்பளம் தர முடியாது. "அவ்வளவு பெரிய ஜிம் கட்ட காசு இருக்கிறது, நூலகரை வைத்துக்கொள்ளக் காசு இல்லையா?" என்று பெற்றோர்கள் கோபப்படுவதற்கு நேரடியான பதில் இதுதான்.

இதில் பள்ளிக்குப் போகும் பணத்தை யார் கையாளுகிறார்கள் என்றால், வாக்குச்சீட்டின் கடைசிப் பகுதியில் பெயர் தெரியாமல் நாம் தாண்டிப் போகிறோமே, அந்த ஐந்து பேரோ ஏழு பேரோ கொண்ட ஸ்கூல் போர்டு. தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது மனதில் பதிய நேரம் ஆகும். அங்கே அரசுப் பள்ளி என்றால் கல்வித் துறை, ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து வரும், ஊரில் யாரும் அதற்காகத் தேர்தலில் நிற்பதில்லை. இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது தனி அரசாங்கம் மாதிரி. மேயருக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது, நகர எல்லையும் அதன் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை, சான் ஹோசே என்ற ஒரே நகரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. அமெரிக்கா முழுக்கச் சுமார் 13,000, கலிபோர்னியாவில் மட்டும் 900-க்கு மேல். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சூப்பரிண்டென்டென்டை, அதாவது தலைமை நிர்வாகியை, வேலைக்கு அமர்த்துகிறது, யூனியனோடு பேரம் பேசுகிறது, கடன் வாங்குகிறது, ஜூலை 1-க்குள் ஒரு பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், எந்த டிஸ்ட்ரிக்ட் என்பது வேண்டாம். அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு பாடத்திட்ட மாற்றத்தை எதிர்த்தும் ஆதரித்தும் பேச அறுபது எழுபது பேர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம், அழுதவர்கள் உண்டு, கத்தியவர்கள் உண்டு. அது முடிந்ததும் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். இரவு பத்தரைக்கு மேல் பட்ஜெட் மீதான பொது விசாரணை தொடங்குகிறது என்று தலைவர் அறிவித்தார், பேச யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார், இல்லை, முடிந்தது என்றார். பல கோடி டாலர் பட்ஜெட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நானும் பேசவில்லை, பேச எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. பள்ளிப் பணத்தில் நடந்த பெரிய விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை ரகசியமாக நடந்தவை கிடையாது. அஜெண்டாவில் போட்டு, கூட்டத்தில் கை தூக்கி, சட்டப்படி நிறைவேற்றிய தீர்மானங்களால் நடந்தவை.

1991 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே இருக்கும் ரிச்மண்ட் டிஸ்ட்ரிக்ட், கையில் காசு இல்லை, அதனால் கல்வியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போதே எல்லாப் பள்ளிகளையும் மே 1-ஆம் தேதி மூடப் போகிறோம் என்று அறிவித்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். திவால் மனுவும் போட்டது. பெற்றோர்கள் மாநில அரசின்மேல் வழக்குப் போட்டார்கள், வழக்கின் முதல் பெயராக இருந்தவர் டாம் பட், பின்னாளில் ரிச்மண்ட் நகர மேயராகவே வந்தவர். டிஸ்ட்ரிக்ட் பணத்தை மோசமாகக் கையாண்டதற்கு மாநிலம் பொறுப்பா என்று அரசு வாதாடியது. பிள்ளைகளின் படிப்புக்குக் கடைசிப் பொறுப்பு மாநிலத்துடையதுதான், போர்டு செய்த தவறுக்காக ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆறு வாரப் படிப்பு குறையக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 1992-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பள்ளிகள் மூடவில்லை, மாநிலம் கடன் கொடுத்தது. அந்தக் கடனை அடைத்து முடிக்க 2012 ஆனது. 1991-ல் முதல் வகுப்பில் இருந்த குழந்தைக்கு அப்போது 27 வயது. இடைப்பட்ட ஒவ்வொரு வருடமும் வகுப்பறைக்குப் போயிருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி தவணைக்குப் போனது.

ரிச்மண்டில் பட்ட சூட்டில் வந்த சட்டம்தான் ஏபி 1200. இன்று கலிபோர்னியாவில் பள்ளிப் பணத்தைப் பற்றி ஒரு சாதாரணப் பெற்றோர் எதையாவது தெரிந்துகொள்ள முடிகிறது என்றால் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் தயவால்தான். இது சொல்வது இதுதான்: பட்ஜெட் போட்டுவிட்டால் போதாது, வருடத்தின் நடுவில் இரண்டு தடவை போர்டு கணக்குக் காட்ட வேண்டும். அக்டோபர் 31 வரையான நிலவரத்தை டிசம்பர் 15-க்குள், ஜனவரி 31 வரையான நிலவரத்தை மார்ச் 15-க்குள். ஃபர்ஸ்ட் இன்டரிம், செகண்ட் இன்டரிம் என்பார்கள். இந்த வருடம் மட்டுமல்லாமல் அடுத்த இரண்டு வருடங்களுக்கும் கணிப்பு காட்ட வேண்டும். மூன்று வருடமும் சமாளித்துவிடுவோம் என்றால் 'பாசிட்டிவ்', சமாளிக்க முடியாமல் போகலாம் என்றால் 'குவாலிஃபைடு', முடியாது என்றால் 'நெகட்டிவ்' என்று போர்டே தனக்குத்தானே சான்று கொடுக்க வேண்டும். அதை மேலே இருக்கும் கவுண்டி கல்வி அலுவலகம் சரிபார்க்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் தரத்தை இறக்கும். நிலைமை ரொம்ப மோசமானால் போர்டு எடுத்த முடிவை நிறுத்தவும் ரத்து செய்யவும் கவுண்டிக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் டிஸ்ட்ரிக்ட் இப்போது இந்த மூன்றில் எதில் இருக்கிறது என்று தெரியுமா? பள்ளியின் ரேட்டிங் பத்துக்கு எட்டா ஒன்பதா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். இதைக் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது என்பதுதான் நான் பழகிய வட்டத்தில் கண்டது.

வரவுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதில் போர்டுக்குச் சொல்ல அதிகம் இல்லை. முன்னொரு காலத்தில் இருந்தது. 1968-69-ல் பால்ட்வின் பார்க் என்ற எளிய ஊரின் மக்கள் 100 டாலர் மதிப்புக்கு 5.48 டாலர் பள்ளி வரி கட்டினார்கள், அவர்களுடைய பிள்ளை ஒருவருக்குச் செலவு 577 டாலர். அதே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பெவர்லி ஹில்ஸ்காரர்கள் 2.38 டாலர்தான் கட்டினார்கள், பிள்ளைக்கு 1,231 டாலர் செலவழித்தார்கள். வீட்டு மதிப்பு அப்படி. குறைவாகக் கட்டியவனுக்கு இரண்டு மடங்கு. இது சமத்துவத்துக்கு விரோதம் என்று 1971-ல் செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்து 1978-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த புரொபசிஷன் 13, சொத்து வரியை 1 சதவீதத்தில் கட்டிப்போட்டு, மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றும் வைத்துவிட்டது. அதோடு போர்டு தானாக வரி விகிதத்தை நிர்ணயிக்கும் காலம் முடிந்தது. 1988-ல் வந்த புரொபசிஷன் 98 மாநிலப் பொது நிதியில் ஏறத்தாழ 40 சதவீதம் கல்விக்கு என்று உறுதி செய்தது. 2013-ல் ஜெர்ரி பிரவுன் கவர்னராக இருந்தபோது எல்சிஎஃப்எஃப் என்ற சூத்திரம் வந்தது: ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை, வறுமையில் இருக்கும் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் இவர்களுக்காக 20 சதவீதம் கூடுதல், அப்படிப்பட்டவர்கள் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கு மேலும். ஆக, வரவு மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் முடிவாகிறது. பாலோ ஆல்டோ மாதிரி சொத்து வரி கொட்டும் சில ஊர்கள் சூத்திரத்தைத் தாண்டி வரும் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன, செரானோ வழக்கு தீர்க்க நினைத்த விஷயம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தச் சூத்திரத்தில் நம்மை நேரடியாகத் தொடும் ஓர் இடம் உண்டு. பணம் சேர்க்கை எண்ணிக்கைக்கு வருவதில்லை, தினசரி வருகைக்கு வருகிறது. பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும் அன்றைய கணக்கில் வராது. டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், பள்ளி விடுமுறை இரண்டு வாரம்தான், நாம் ஐந்து வாரம் இருந்துவிட்டு வருகிறோம். அப்போது பள்ளி அலுவலகத்தில் 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' ஒப்பந்தத்தில் கையெழுத்து போடச் சொல்லி, வீட்டுப்பாடத்தை முடித்துக் கொண்டுவாருங்கள் என்று வற்புறுத்துகிறார்களே, அதற்குப் படிப்புமேல் இருக்கும் அக்கறை ஒரு காரணம், அந்த நாட்களுக்கான பணம் போகாமல் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. தயவுசெய்து அதைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

சரி, செலவு. எந்த டிஸ்ட்ரிக்டை எடுத்தாலும் பெரும்பகுதி சம்பளமும் அதைச் சார்ந்த சலுகைகளும். அதில் போர்டால் குறைக்க முடியாத ஒன்று ஓய்வூதியப் பங்கு: ஆசிரியர் சம்பளத்தில் 8.25 சதவீதமாக 2013-14-ல் டிஸ்ட்ரிக்ட் கட்டிக்கொண்டிருந்தது, மாநிலம் 2014-ல் போட்ட சட்டத்தால் படிப்படியாக ஏறி இப்போது 19.1 சதவீதம். ஒரு புது ஆசிரியர்கூட வராமல், ஒரு வகுப்புகூடக் கூடாமல் ஏறிய செலவு இது. அடுத்தது சிறப்புக் கல்வி. மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கு ஆகும் கூடுதல் செலவில் 40 சதவீதத்தைத் தருகிறோம் என்று 1975-ல் மத்திய அரசு சொன்னது, அந்த 40-ஐ இன்றுவரை எட்டவில்லை. மீதியை டிஸ்ட்ரிக்ட் பொதுப் பணத்திலிருந்து எடுக்கிறது. இதை வைத்து அந்தப் பிள்ளைகளால்தான் பணம் போகிறது என்று பேசுபவர்களைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன், கேட்கவே கூசுகிறது. சட்டம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த உரிமை அது. வாக்குக் கொடுத்துவிட்டுத் தராமல் இருப்பது வாஷிங்டன்.

அதிகச் சண்டை நடப்பது ரிசர்வ் பற்றி. மாநில விதிப்படி சுமார் 1,000-லிருந்து 30,000 வரை மாணவர்கள் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் செலவில் குறைந்தது 3 சதவீதம் கையிருப்பு வைத்திருக்க வேண்டும், அதைவிடப் பெரியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2. யூனியன்காரர்கள் மேடையில் வந்து இவ்வளவு கோடி சேர்த்து வைத்துக்கொண்டு சம்பளம் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள் என்பார்கள், நிர்வாகம் நாங்கள் பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறோம் என்னும். இரண்டு பேரும் பொய் சொல்லாமலே இப்படிப் பேச முடியும். ஓர் உதாரணக் கணக்கு: வருடச் செலவு 50 கோடி டாலர், அதில் 40 கோடி சம்பளமும் சலுகைகளும் என்று வையுங்கள். 3 சதவீதம் என்றால் ஒன்றரைக் கோடி. கேட்கப் பெரிய தொகை. ஆனால் மாதச் சம்பளப் பட்டுவாடாவே மூன்றேகால் கோடிக்கு மேல், அதாவது ரிசர்வ் பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. இன்னொன்று, ரிசர்வ் ஒரு தடவை எடுத்தால் தீர்ந்தது, சம்பள உயர்வோ வருடா வருடம் வரும். அதே நேரம், ஒவ்வொரு ஜூனிலும் பற்றாக்குறை வரப் போகிறது என்று பயமுறுத்திவிட்டு, கணக்கு முடிக்கும் செப்டம்பரில் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட மிச்சம் இருக்கும் டிஸ்ட்ரிக்டுகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் யூனியன் நம்ப மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கடந்த ஐந்தாறு வருடத்துப் பட்ஜெட்டையும் அதே வருடத்து உண்மைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். இந்த ஒரு வேலையை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்யலாம்.

சம்பளப் பேச்சுவார்த்தை மூடிய அறையில் நடக்கும், சட்டம் அதை அனுமதிக்கிறது, அதில் தவறும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ள வாக்கெடுப்பு நடத்துவதற்கு முன்னால் அதற்கு இந்த வருடமும் அடுத்த வருடங்களும் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பொதுக் கூட்டத்தில் வெளியிட வேண்டும், அதுவும் ஏபி 1200 வழி வந்த விதிதான். இதைவிட முக்கியமான தாள் வருடம் முழுக்க வேறு வருவதில்லை. போர்டு உறுப்பினருக்குப் பெரும்பாலான ஊர்களில் மாதம் சில நூறு டாலர்தான் கிடைக்கும், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டுகிறார்கள். தேர்தலில் அவர்களுக்கு ஆள் பலமும் துண்டறிக்கையும் கொடுப்பது பல இடங்களில் ஆசிரியர் யூனியன். எதிர்ப்பக்கம், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் ஆதரவாளர்களுடைய பணம். 2017-ல் லாஸ் ஏஞ்சலஸ் போர்டு தேர்தலில் இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து கொட்டியது ஒன்றரைக் கோடி டாலரை ஒட்டி வந்தது, நாட்டிலேயே அதுவரை நடந்த ஸ்கூல் போர்டு தேர்தல்களில் மிக விலை கூடியது அதுதான் என்றார்கள். சிறிய ஊர்களில் அவ்வளவு பணம் புழங்காது, அங்கே வாக்குப்பதிவு குறைவாக இருப்பதே போதும், சில நூறு பேர் ஒற்றுமையாகப் போட்டால் முடிவு மாறிவிடும். ஒற்றைப்படை வருடங்களில் தனியாகத் தேர்தல் நடத்தி வந்த ஊர்களைப் பொதுத் தேர்தலோடு சேர்த்து நடத்தச் சொல்லி 2015-ல் மாநிலம் சட்டம் போட்டது இதனால்தான்.

பெரிய டிஸ்ட்ரிக்டுகளும் விழுந்திருக்கின்றன. ஓக்லாண்டில் சில வருடங்களுக்குள் ஆசிரியர் சம்பளம் நன்றாக ஏறியது, அது அவர்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதே, அதே காலத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, பழைய கணக்கு முறையில் அது கண்ணில் படவில்லை. புது மென்பொருளுக்கு மாறியபோதுதான் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தது. 2003-ல் மாநிலம் 10 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்து டிஸ்ட்ரிக்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடன் வந்ததும் போர்டுக்கு இருந்த அதிகாரம் போய்விட்டது, மாநிலம் அனுப்பிய நிர்வாகி வைத்ததுதான் சட்டம், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்து ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அதிகாரம் திரும்பக் கிடைக்க 2009 ஆனது. ஓக்லாண்டில் பள்ளிகளை மூடுவதா வேண்டாமா என்று இன்றுவரை நடக்கும் சண்டைக்கு வேர் அங்கே இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ கதை எல்லாருக்கும் பாதி தெரியும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2021 ஜனவரியில், 44 பள்ளிகளின் பெயரை மாற்ற போர்டு வாக்களித்தது. நாடு முழுக்கச் செய்தியானது. 2022 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்களை மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து நீக்கினார்கள், மூவருக்கும் எதிராக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அதிகம் பேசப்படாத மறுபாதி என்னவென்றால், அந்தப் பெயர்ச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் பட்ஜெட்டில் 12.5 கோடி டாலர் பற்றாக்குறை உருவாகிக்கொண்டிருந்தது, 2021 கடைசியில் மாநிலம் எச்சரிக்கை விடுத்த பிறகே அதைப் பற்றிப் பேச்சு வந்தது. அடுத்த வருடம் புதிதாகக் கொண்டுவந்த சம்பள மென்பொருள் சொதப்பி, ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் தாமதமாகவும் வந்தது, சிலர் தலைமை அலுவலகத்திலேயே இரவு தங்கிப் போராட வேண்டி வந்தது. மாதக் கடைசியில் சம்பளம் வராமல் வாடகை கட்ட முடியாத ஆசிரியர் மறுநாள் காலை வந்து வகுப்பு எடுத்திருக்கிறார். அந்த மென்பொருள் ஒப்பந்தமும் போர்டு ஒப்புதல் கொடுத்ததுதானே.

எனக்கு மிக வேதனையான உதாரணம் பவே. சான் டியேகோ பக்கத்தில் இருக்கிறது, நல்ல பள்ளிகள், நம்மவர்களும் நிறையப் பேர் வசிக்கிறார்கள். பள்ளிகளைப் புதுப்பிக்க 2008-ல் ஒரு பாண்டுக்கு ஒப்புதல் கேட்டார்கள், வரி விகிதம் ஏறாது என்று வாக்குக் கொடுத்தார்கள், மக்களும் சம்மதித்தார்கள். வரியும் ஏறக் கூடாது, பணமும் வேண்டும் என்றால் ஒரே வழிதான், இப்போது கட்டாமல் பின்னால் கட்டுவது. 2011-ல் 10.5 கோடி டாலர் கடன் எடுத்தார்கள், இருபது வருடத்துக்கு மேல் ஒரு தவணையும் கிடையாது, 2033-ல் ஆரம்பித்து 2051-ல் முடிக்க வேண்டும், வட்டியோடு சேர்த்து மொத்தம் கட்ட வேண்டியது ஏறத்தாழ 98 கோடி டாலர். ஒன்றுக்கு ஒன்பது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, பொதுக் கூட்டத்தில் நிறைவேற்றியதுதான், ஆவணங்கள் எல்லாம் கிடைக்கக்கூடியவை. ஆனாலும் ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 2012-ல், செய்தியாளர்கள் அந்தக் கூட்டல் தொகையை எடுத்துப் பெரிதாக எழுதிய பிறகுதான் ஊர் விழித்தது. அந்தத் தவணைகளைக் கட்டப் போகிறவர்களில் பலர் வாக்கெடுப்பு நடந்தபோது தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள். 2013-ல் மாநிலம் சட்டம் போட்டது: இந்த வகைக் கடன் 25 வருடத்தைத் தாண்டக் கூடாது, ஒன்றுக்கு நான்குக்கு மேல் திருப்பிக் கட்டும்படி இருக்கக் கூடாது, அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களின் அஜெண்டாவில் வர வேண்டும், முதல் தடவை தகவலாக மட்டும். பவேவின் கடனுக்கு இது பொருந்தாது, அது அப்படியே நிற்கிறது.

திருட்டே நடந்ததில்லையா என்றால், நடந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் ராஸ்லின் என்ற வசதியான ஊர். அங்கே பட்ஜெட்டை ஒவ்வொரு மே மாதமும் மக்களே நேரடியாக வாக்களித்து ஒப்புக்கொள்ள வேண்டும், கலிபோர்னியாவில் இல்லாத உரிமை அது. அப்படி வருடா வருடம் வாக்களித்த ஊரில் 1.12 கோடி டாலர் களவு போனது. 2002-லேயே ஓர் உயர் நிதி அதிகாரியின் கையாடல் தெரியவந்தது, பெயர் கெட்டுவிடும், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை பாதிக்கும் என்ற பயத்தில் போர்டு அதை மூடி மறைத்து அவரை அமைதியாக அனுப்பிவிட்டது. அப்படிச் செய்யலாம் என்று போர்டுக்கு எடுத்துச் சொன்ன சூப்பரிண்டென்டென்ட் ஃபிராங்க் டசோனும் திருடிக்கொண்டிருந்தார். அவர் 2006-ல் சிறைக்குப் போனார், வெளித் தணிக்கையாளரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2004-ல் விஷயத்தை முதலில் அச்சில் கொண்டுவந்தது அந்தப் பள்ளியின் மாணவர் பத்திரிகை. அதற்கப்புறம் நியூயார்க் 2005-ல் சட்டத்தை இறுக்கியது, போர்டு உறுப்பினர்களுக்குக் கணக்குப் பயிற்சி கட்டாயம், உள்தணிக்கை கட்டாயம், மாநில கம்ப்ட்ரோலர் எல்லா டிஸ்ட்ரிக்டையும் தணிக்கை செய்ய வேண்டும் என்றெல்லாம். ராஸ்லின் எனக்கு நினைவில் நிற்பது திருட்டுத் தொகையால் இல்லை. ரேட்டிங் நன்றாக இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை, அதனால்.

நம் ஊர்களில் எங்கே பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். 1953-ல் வந்த பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்னால் வெளிவந்தாக வேண்டும். அதில் 'கன்சென்ட் கேலண்டர்' என்று ஒரு பகுதி இருக்கும், வழக்கமான விஷயங்கள் என்று சொல்லி இருபது முப்பது தீர்மானங்களை விவாதம் இல்லாமல் ஒரே வாக்கில் முடிப்பார்கள். ஆலோசனை நிறுவன ஒப்பந்தங்கள், காசோலைப் பட்டியல்கள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். ஒன்றைத் தனியாக எடுத்து விவாதிக்க வேண்டுமானால் போர்டு உறுப்பினர் ஒருவர் கேட்டால் போதும், அவருக்கு முந்தின நாளே நீங்கள் ஒரு மின்னஞ்சல் போடலாம். பட்ஜெட் எண்களுக்கு மாநிலம் முழுக்க ஒரே குறியீடு: 1000-ல் ஆரம்பிப்பது ஆசிரியர் சம்பளம், 2000 ஓட்டுநர், அலுவலகம், துப்புரவு போன்ற மற்ற ஊழியர், 3000 சலுகைகள், 4000 புத்தகமும் பொருட்களும், 5000 வெளிச் சேவைகள், 6000 கட்டடம் கருவிகள். 4000 சுருங்கிக்கொண்டே வந்து 5000 மட்டும் வருடா வருடம் வீங்கினால் என்ன ஒப்பந்தங்கள் என்று கேட்க வேண்டும். சில சமயம் ஆள் கிடைக்காமல் சிறப்புக் கல்விக்கு வெளி நிறுவனத்தை வைத்திருப்பார்கள், பதில் நியாயமாகவே இருக்கலாம், கேட்டால்தானே தெரியும். பதில் வராவிட்டால் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது, 10 நாளில் அவர்கள் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

'எல்கேப்' என்று ஒரு ஆவணமும் வரும், எல்சிஎஃப்எஃப் பணத்தை யாருக்காக எப்படிச் செலவழிக்கிறோம் என்று சொல்ல வேண்டிய திட்டம். நல்ல நோக்கத்தோடு பெற்றோருக்காக உருவானது, பல டிஸ்ட்ரிக்டுகளில் நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. முழுக்கப் படிக்க முடியாது. முன்னால் இருக்கும் 'பட்ஜெட் ஓவர்வியூ ஃபார் பேரண்ட்ஸ்' என்ற சில பக்கங்களை மட்டும் பாருங்கள், போன வருடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவழித்தது எவ்வளவு என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது எண் சிறியதாக இருந்தால் அந்தப் பணம் அந்தப் பிள்ளைகளைப் போய்ச் சேரவில்லை.

இன்னும் ஒன்று, இப்போதைக்கு அவசரமானது. கொரோனா காலத்தில் மத்திய அரசு மூன்று தவணையில் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் கொடுத்தது, அதில் கடைசித் தவணையை எதற்கென்று ஒதுக்கி முடிக்கக் கெடு 2024 செப்டம்பர் 30. ஒரு தடவை வரும் பணத்தில் ஆலோசகர்களையும் உதவி ஆசிரியர்களையும் நிரந்தர வேலைக்கு வைத்த டிஸ்ட்ரிக்டுகள் நிறைய. பிள்ளைகளுக்கு அப்போது அது தேவைப்பட்டது, வைத்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பணம் நின்றுவிட்டது, ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையோ மாநிலம் முழுக்கக் குறைந்துகொண்டு வருகிறது. ஆசிரியர்களுக்கு வேலைநீக்க முன்னறிவிப்பு கொடுக்கக் கடைசி நாளும் மார்ச் 15, செகண்ட் இன்டரிம் வெளிவரும் நாளும் மார்ச் 15. மார்ச்சில் கூட்டம் நிரம்பி வழியும், அழுகையும் பதாகையும் இருக்கும், அதற்குள் எண்கள் முடிவாகியிருக்கும். பேசிப் பயன் இருக்கும் மாதம் டிசம்பர்.

டிசம்பர் 10-ஆம் தேதி வரியைக் கட்டுவீர்கள், 15-க்குள் ஃபர்ஸ்ட் இன்டரிம் வந்துவிடும், அதே வாரத்தில் பலர் சென்னைக்குக் கிளம்புவீர்கள். அந்த பிடிஎஃப்பை இறக்கிக்கொண்டு போங்கள். 'மல்டி-இயர் புரொஜெக்‌ஷன்' என்ற பக்கத்தைத் தேடுங்கள், அதில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' (இதற்குத்தான் என்ற நிபந்தனை இல்லாத பணம்) என்று போட்ட அட்டவணையை எடுத்து, மூன்றாம் வருடத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கையிருப்பு எந்த வருடத்தில் 3 சதவீதத்துக்குக் கீழே போகிறது, எந்த வரியால் போகிறது, இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஜனவரிக் கூட்டத்தில் சீட்டுக் கொடுத்து எழுந்து நின்று கேளுங்கள். இரண்டு நிமிடம் தருவார்கள், இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடமே போதும்.